‘எம்’ எங்கே நிற்கிறது? பறம்புப் பாட்டின் யாப்பும் தொடையும்

புறநானூற்றின் 112ஆம் பாட்டு ஐந்தே அடி. பாரி மகளிர் பாடியது. திணை பொதுவியல், துறை கையறுநிலை, அதாவது இழந்ததை எண்ணி இரங்குவது. காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர், சிங்கம்புணரி வழியே போனால் வரும் பிரான்மலையைத்தான் பாரியின் பறம்பு என்று அடையாளம் காட்டுகிறார்கள். அதனால் செட்டிநாட்டுப் பக்கம் இந்தப் பாட்டைப் பள்ளிப் பிள்ளைகள்கூட மனப்பாடமாகச் சொல்வார்கள். (அங்கவை, சங்கவை என்ற பெயர்கள் பிற்காலத்தில் வழங்கியவை, புறநானூற்றில் ‘பாரி மகளிர்’ மட்டும்தான்.) ஆனால் மனப்பாடமாகத் தெரிந்த பாட்டை அலகிடச் சொன்னால், அதாவது சீரும் அசையுமாகப் பிரிக்கச் சொன்னால், முதல் முயற்சி அநேகமாகத் தப்பாகத்தான் வரும். எந்த இடங்களில் தப்புகிறது, ஏன் தப்புகிறது, திருத்தினால் என்ன கிடைக்கிறது என்பதை இந்த ஒரு பாட்டை வைத்தே பார்க்கலாம்.

இன்று பெரும்பாலும் கையில் கிடைப்பது சொல் பிரித்து அச்சிட்ட வடிவம்:

அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவின்
எந்தையும் உடையேம் எம் குன்றும் பிறர் கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவின்
வென்று எறி முரசின் வேந்தர் எம்
குன்றும் கொண்டார் யாம் எந்தையும் இலமே

‘நிலவில்’ என்றும் பாடம் உண்டு. சீருக்கு அதனால் மாற்றம் இல்லை.

பொருள்: அந்த மாதத்து வெண்ணிலவில் எங்கள் தந்தையும் எங்களுக்கு இருந்தார், எங்கள் குன்றையும் பிறர் கொள்ளவில்லை. இந்த மாதத்து வெண்ணிலவில், வென்று முழக்கும் முரசையுடைய வேந்தர் எங்கள் குன்றையும் கொண்டார்கள், எங்களுக்குத் தந்தையும் இல்லை.

முதல் தப்பு: இடைவெளியைச் சீர் என்று எண்ணுவது

மேலே உள்ள அச்சில் இடைவெளி விட்டு நிற்கும் சொற்களை எண்ணினால் அடிவாரியாக 4, 6, 4, 5, 5, மொத்தம் 24. இதைச் சீர்க்கணக்கு என்று எடுத்துக்கொண்டால் இது ஆசிரியப்பாவே அல்ல என்று முடிவு கட்ட வேண்டியிருக்கும். கணினி நிரலில் ஒட்டினாலும் இதே கதிதான். கொடுத்த வடிவத்தைத்தான் அது அலகிடும்.

ஏட்டுச்சுவடியில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, பெரும்பாலும் புள்ளியும் கிடையாது. எழுத்துகள் தொடராக ஓடும். எனவே அலகிடுமுன் பாட்டைப் புணர்த்தி, சீர் சீராக எழுதிக்கொள்ள வேண்டும்:

அற்றைத் | திங்க | ளவ்வெண் | ணிலவின்
எந்தையு | முடையேமெங் | குன்றும் | பிறர்கொளார்
இற்றைத் | திங்க | ளிவ்வெண் | ணிலவின்
வென்றெறி | முரசின் | வேந்தரெம்
குன்றுங் | கொண்டார்யா | மெந்தையு | மிலமே

இப்போது 4, 4, 4, 3, 4. மொத்தம் 19 சீர். ஈற்றயலடி (கடைசிக்கு முந்தின அடி) மூன்று சீர், மற்றவை நான்கு, முடிவில் ஏகாரம்: நேரிசை ஆசிரியப்பா. ஆசிரியப்பாவுக்கு அகவல் என்றும் பெயர்.

தனிக் குறிலோ தனி நெடிலோ, ஒற்றடுத்தாலும் அடுக்காவிட்டாலும், நேரசை. குறிலோடு இன்னொரு குறிலோ நெடிலோ சேர்ந்தால் நிரையசை. தேமா நேர் நேர், புளிமா நிரை நேர், கூவிளம் நேர் நிரை, கருவிளம் நிரை நிரை. இவற்றின் பின் ஒரு நேர் கூடினால் காய்ச்சீர், நிரை கூடினால் கனிச்சீர். ஒவ்வோர் அடிக்கும் வாய்பாடு:

1. தேமா, தேமா, தேமா, புளிமா
2. கூவிளம், புளிமாங்காய், தேமா, கருவிளம்
3. தேமா, தேமா, தேமா, புளிமா
4. கூவிளம், புளிமா, கூவிளம்
5. தேமா, தேமாங்காய், கூவிளம், புளிமா

கூட்டினால் தேமா 8, புளிமா 4, கூவிளம் 4, கருவிளம் 1, காய்ச்சீர் 2. அசை 40, அதில் நேர் 29, நிரை 11. கணக்குச் சரிபார்க்க எளிய வழி: ஈரசைச் சீர் 17, அதனால் 34 அசை, மூவசைச் சீர் 2, அதனால் 6. இரண்டும் சேர்ந்து 40 வரவில்லை என்றால் எங்கோ ஒரு சீரைத் தவறாகப் பிரித்திருக்கிறோம்.

இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். ஒன்று, நான்காம் அடியின் மூன்றாம் சீர். ‘வேந்தர்எம்’ என்று ஒற்றை நிறுத்தி அலகிட்டால் வேந்/தர்/எம், மூன்று நேர், தேமாங்காய். புணர்த்தினால் வேந்/தரெம், நேர் நிரை, கூவிளம். ‘ர்’ என்ற ஒற்று அடுத்த உயிரோடு சேர்ந்து ‘ரெ’ ஆகிவிடுவதுதான் காரணம். ‘வென்று எறி’யும் இப்படியே: புணர்ந்ததும் ‘று’வின் உகரம் கெட்டு வென்/றெறி, ஒரே சீர்.

இரண்டாவது இடம் ‘எந்தையும்’. இது பாட்டில் இரண்டு முறை வருகிறது; அதனால் தப்பும் இரண்டு முறை விழும். ‘தை’யை நெடில் என்று கொண்டால் எந்/தை/யும், தேமாங்காய். அது சரியல்ல. சொல்லின் இடையிலும் கடையிலும் ஐகாரம் குறுகி ஒரு மாத்திரையாக ஒலிக்கும். எனவே ‘தையும்’ குறிலிணை ஒற்று, நிரையசை, எந்/தையும், கூவிளம். ஐகாரக்குறுக்கத்தைப் புத்தகத்தில் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்று ‘பிரான்மலை’ என்ற பெயரை ஜனங்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். ‘மலெ’ என்றுதான் காதில் விழும். ‘லை’ நீள்வதே இல்லை.

‘அற்றை’யிலும் ‘உடையேம்’இலும் ஐகாரம் இருக்கிறதே, அங்கே ஏன் தொல்லை இல்லை? ‘றைத்’ தனியாக ஒற்றடுத்து நிற்பதால் குறிலானாலும் நெடிலானாலும் நேர்தான். ‘உடை’ குறிலுக்குப் பின் வருவதால் எப்படிக் கொண்டாலும் நிரைதான். ஐகாரத்துக்குப் பின் இன்னோர் எழுத்து அதே அசையில் சேர இடம் இருக்கும்போதுதான் விடை மாறும்.

தளையை வைத்துச் சோதிப்பது

ஒரு சீரின் முடிவு அடுத்த சீரின் முதலசையோடு சேரும் விதம்தான் தளை. சரியான அலகீட்டில் 18 தளை. நேரொன்றாசிரியத்தளை 8, நிரையொன்றாசிரியத்தளை 3, இயற்சீர் வெண்டளை 5, வெண்சீர் வெண்டளை 2. ஆசிரியத்தளை 11 என்று பெரும்பான்மையாக நிற்கிறது. கலித்தளையோ வஞ்சித்தளையோ ஒன்றுகூட இல்லை.

‘எந்தையும்’ஐத் தேமாங்காய் ஆக்கிவிட்டால் இரண்டாம் அடியில் அதற்கடுத்து வருவது ‘உடை’ என்ற நிரை. ஐந்தாம் அடியில் ‘இல’ என்ற நிரை. காய் முன் நிரை கலித்தளை. அகவலின் நடையில் ஒட்டாத தளை திடீரென்று இரண்டு முளைக்கும். அதைக் கண்டதும் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும். ஆனால் ‘வேந்தர்எம்’ தப்பைத் தளை காட்டிக் கொடுக்காது. தேமாங்காய்க்குப் பின் ‘குன்’ என்ற நேர் வருவதால் வெண்சீர் வெண்டளை என்று சாதுவாக உட்கார்ந்துவிடும். ஆகவே தளை பார்த்தால் போதும் என்று இருந்துவிடக் கூடாது. புணர்த்தி எழுதாமல் அலகிடவே கூடாது.

‘எம்’ ஏன் முந்தின சீரோடு?

இந்தப் பாட்டில் எல்லாரும் கேட்கும் கேள்வி இது. ‘எம் குன்று’ என்பது ஒரே தொடர். அதை ஏன் ‘உடையேமெங் | குன்றும்’ என்று உடைக்க வேண்டும்? ‘எங்குன்றும்’ என்று ஒரே சீராக வைத்தால் என்ன?

வைத்துப் பார்ப்போம். இரண்டாம் அடி: எந்தையு | முடையேம் | எங்குன்றும் | பிறர்கொளார். நான்கு சீர் வந்துவிடுகிறது. ஆனால் ‘எங்குன்றும்’ தேமாங்காய். அடுத்தது ‘பிறர்’, நிரை. கலித்தளை. ஐந்தாம் அடி இன்னும் மோசம்: எங்குன்றுங் | கொண்டார் | யாமெந்தையு | மிலமே. ‘யாமெந்தையு’ யா/மெந்/தையு, நேர் நேர் நிரை, தேமாங்கனி. கனி முன் நிரை, ஒன்றிய வஞ்சித்தளை. ஐந்தடிப் பாட்டில் கடைசிச் சீருக்கு முன் வஞ்சியின் தூங்கலோசை நுழைந்தால் இரங்கல் குலைந்துபோகும். ஆக, ‘எம்’ முந்தின சீரோடு போவதுதான் யாப்புக்கு ஒத்தது.

அதற்குப் பிறகுதான் சுவையான விஷயம் வருகிறது. ‘எம் குன்று’ இரண்டு முறை வருகிறது. இரண்டு முறையும் ‘எம்’ ஒரு பக்கம், ‘குன்று’ ஒரு பக்கம். முதல் முறை நடுவில் இருப்பது சீர் எல்லை மட்டும். இரண்டும் ஒரே அடிக்குள் தோளோடு தோள் நிற்கின்றன. இரண்டாம் முறை நடுவில் அடி எல்லை. மூன்று சீரில் நின்றுபோகும் குட்டை அடியின் கடைசியில் ‘எம்’ தனியே தொங்குகிறது. குன்று அடுத்த அடிக்குப் போய்விட்டது. குன்று கைவிட்டுப் போன செய்தியைச் சொல்லும் இடத்தில் ‘எம்’முக்கும் ‘குன்று’க்கும் நடுவே அடி முறிகிறது. பிரித்து அச்சிட்ட வடிவத்தில், அதுவும் பொருளுக்கேற்ப அடியை மாற்றி ‘எம் குன்றும் கொண்டார்’ என்று ஒரே வரியில் போட்ட வடிவத்தில், இது கண்ணுக்கே படாது.

தொடை

மோனை எளிது. முதல் அடியில் அற்றை, அவ்வெண். மூன்றாம் அடியில் இற்றை, இவ்வெண். நான்காம் அடியில் வென்றெறி, வேந்தர். மூன்றும் முதற்சீரிலும் மூன்றாம் சீரிலும் விழுவதால் பொழிப்பு மோனை. ஐந்தாம் அடியில் குன்றும், கொண்டார்: இணைமோனை. அதே அடியின் கடைசி இரண்டு சீரில் எந்தையும், இலமே. எகரமும் இகரமும் மோனைக்கு உறவு. இரண்டாம் அடியில் மோனை இல்லை. இதற்கு ஆழமான காரணம் தேடிப் போக வேண்டாம். சங்கப் பாட்டில் அடிதோறும் மோனை கட்டாயமில்லை. இல்லாத இடத்தை எல்லாம் ‘வெறுமையின் குறியீடு’ என்று எழுதுவது ஆய்வு அல்ல.

எதுகையில் கொஞ்சம் நின்று பார்க்கலாம். அற்றைத், இற்றைத்: முதலெழுத்தைத் தவிர சீர் முழுவதும் ஒன்றியிருப்பதால் தலையாகெதுகை, ஓரடி விட்டு வருவதால் இடையிட்டெதுகை. வென்றெறி, குன்றும்: அடுத்தடுத்த அடிகளில் ‘ன்’. இரண்டாம் அடியின் ‘எந்தை’யில் ‘ந்’. மெல்லினம் என்ற வகையில் வென், குன் இரண்டுக்கும் இன எதுகை. ஆக ஐந்தடியின் தலைகள் இரண்டு கூட்டமாகப் பிரிகின்றன: நிலவைச் சொல்லும் அடிகள் றகர ஒற்றில், தந்தையும் வேந்தரும் குன்றும் தொடங்கும் அடிகள் மெல்லொற்றில். ஐந்தும் குறிலும் ஒற்றுமாகத் தொடங்குவதால் எதுகைக்கு வேண்டிய அளவொப்பும் இருக்கிறது.

மடக்கி வரும் சொற்கள்

அலகீட்டுக்கு உதவாத அந்த 24 சொல் பட்டியல் இங்கே உதவும். ஒரு தாளில் 24 சொல்லையும் எழுதி, திரும்ப வருவதை ஒரு நிறத்திலும், எதிர்ச்சொல்லாக இணை சேர்வதை இன்னொரு நிறத்திலும் கோடிடுங்கள்.

அப்படியே திரும்புபவை: திங்கள், நிலவின், எந்தையும், எம், குன்றும். ஐந்து சொல், இருமுறை, பத்து. அதே சொல் அதே பொருளில் வருவதால் அணியிலக்கணப்படி இது சொற்பொருள் பின்வருநிலை. இணை சேர்பவை: அற்றை–இற்றை, அவ்வெண்–இவ்வெண், உடையேம்–இலம், கொளார்–கொண்டார், பிறர்–வேந்தர். இன்னும் பத்து. அற்றை–இற்றை, உடையேம்–இலம், கொளார்–கொண்டார் ஆகியவற்றை முரண்தொடையில் வைக்கலாம். பிறர்–வேந்தர் முரண் அல்ல. முன்பு ‘யாரோ பிறர்’ என்று முகமில்லாமல் இருந்தவர்கள் இப்போது முகத்தோடு வந்து நிற்கிறார்கள்.

கோடு விழாமல் மிஞ்சுவது நான்கே சொல்: வென்று, எறி, முரசின், யாம். பழைய நிலவில் இல்லாமல் புதிய நிலவில் மட்டும் இருப்பவை முரசும் அதன் வெற்றியும், தனித்துப்போன ‘யாம்’உம். அந்த ‘யாம்’ எந்தச் சீரில் இருக்கிறது என்று பாருங்கள்: கொண்டார்யா. கொண்டவர்களின் வினையும் இழந்தவர்களின் பெயரும் ஒரே சீருக்குள்.

முதலடியும் மூன்றாமடியும் எழுத்து எழுத்தாக எடுத்தால், பிரித்த வடிவில் ஒவ்வொன்றும் 16 எழுத்து. 14 எழுத்து அப்படியே. மாறுவது இரண்டு: இரண்டு இடத்தில் ‘அ’ போய் ‘இ’ வருகிறது. சேய்மைச் சுட்டு, அண்மைச் சுட்டு. நிலா மாறவில்லை, வெண்மை மாறவில்லை, சீரும் தளையும் மாறவில்லை.

அடுத்து வரிசை. முதல் பாதியில் எந்தை முன், குன்று பின். இரண்டாம் பாதியில் குன்று முன், எந்தை பின். இது யாப்பின் நெருக்கடியால் வந்த தலைகீழோ என்று சந்தேகப்படுவது நியாயம். மாற்றி எழுதிப் பார்த்தால் தெரிந்துவிடும்:

வென்றெறி | முரசின் | வேந்தர்
எந்தையு | மிலமெங் | குன்றுங் | கொண்டாரே

கூவிளம், புளிமா, தேமா; கூவிளம், புளிமா, தேமா, தேமாங்காய். தளை எதுவும் கெடவில்லை, ஈற்றயலடி மூன்று சீராகவே இருக்கிறது, ஏகாரத்திலும் முடிகிறது. தொடர் கொஞ்சம் முறுக்கிக்கொள்கிறது, வென்–குன் எதுகையும் போகிறது. ஆனாலும் அகவல் அகவலாகவே நிற்கிறது. ஆகவே குன்றை முன்னே தள்ளி, தந்தையைக் கடைசி வரை நிறுத்திவைத்தது பாடியவர்கள் தெரிந்து செய்தது. ஒரு பாட்டில் சொல்வரிசை வேண்டுமென்றே வந்ததா, யாப்பு தள்ளியதால் வந்ததா என்று தீர்மானிக்க இதைவிட நேர்மையான சோதனை கிடையாது. மாற்றிப் போட்டும் யாப்பு உடையாவிட்டால் மட்டும் ‘கவிஞர் நினைத்துச் செய்தார்’ என்று எழுதலாம்.

காதில் விழுவது

முதலடியின் அசைகள்: அற், றைத், திங், க, ளவ், வெண். ஆறும் நேர், ‘க’ ஒன்றைத் தவிர ஐந்தும் ஒற்றடைத்தவை. ஏழாவதாகத்தான் முதல் நிரை வருகிறது, ‘நில’ என்று. மூன்றாம் அடியிலும் அப்படியே. அடைத்து அடைத்து வந்த நடை நிலவைத் தொட்ட இடத்தில்தான் முதன்முறை இளகுகிறது. பாட்டில் புளிமா நான்கு இடத்தில்: நிலவின், முரசின், நிலவின், இலமே. ‘நிலவின்’இல் உள்ள நில, ‘இலமே’யில் உள்ள இல இரண்டும் ஒரே அசை, ஒரே ஓசை, எதுகையும் பொருந்துகிறது. நிலவு என்று இருமுறை கேட்ட காதுக்குக் கடைசிச் சீர் நிலவின் எதிரொலி போல வந்து ‘இல்லை’ என்கிறது.

நெடிலையும் எண்ணலாம், ஐகாரம் நீங்கலாக. நிலவு அடிகள் இரண்டிலும் நெடிலே இல்லை. இரண்டாம் அடியில் யே, ளா; நான்காம் அடியில் வே; ஐந்தாம் அடியில் டா, யா, மே. ஆறு நெடிலில் மூன்று கடைசி அடியில்.

கையறுநிலைக்கு உயிருள்ள உறவு ஒப்பாரி. செட்டிநாட்டு வீடுகளில் தாலாட்டும் ஒப்பாரியும் கேட்டு வளர்ந்த காதுக்கு இந்த மடக்கு பழக்கமானது: ஓர் அடியைச் சொல்லி, அதே அடியை ஒரு சொல் மட்டும் மாற்றிச் சொல்வது, அடியின் கடைசியை நீட்டி அழுவது. ஆனால் இரண்டையும் ஒன்றென்று போடக் கூடாது. ஒப்பாரியில் மடக்கும் அடி பெரும்பாலும் அடுத்தே வரும், மாறும் இடத்தில் முத்து, பவளம், பொன் என்று பொருள்கள் ஏறிக்கொண்டே போகும். இங்கே நடுவில் ஓர் அடி இடைவெளி. மாறுவதோ ஒரு சுட்டெழுத்து. ஒப்பாரியை நேர், நிரை வைத்து அலகிட முயல்வதும் வீண். அங்கே அளவு மூச்சு, சீர் அல்ல.

பாட்டை வாய்விட்டுச் சொல்கிறவர்களுக்கு ஒரு சொல். நான்காம் அடியின் முடிவில் முழு நிறுத்தம் கொடுத்தால் ‘வேந்தர் எம்’ என்று தொடர் அர்த்தமில்லாமல் அறுந்துவிடும். நிறுத்தாமல் ஓடினால் நான்கு சீர் கேட்டுப் பழகிய காது மூன்றாம் சீரில் குறைந்துபோனதை உணராது. ‘எம்’இன் மகர ஒற்றில் உதடு மூடட்டும், மூச்சை விட வேண்டாம், உடனே ‘குன்றும்’ என்று தொடங்குங்கள். ஒரு சீருக்கு உரிய இடம் காலியாகக் கிடப்பது கேட்பவருக்குத் தெரியும்.